விழுங்கிக் காட்டு

ஊருக்கு நடுவே உயர்ந்து நிற்பதால், கருவம்பட்டித் தண்ணீர்த் தொட்டியைப் பழிப்பது எல்லோருக்கும் எளிது. குழாயில் மருந்து வாடை வருகிறது என்று சிலர் முறையிட்டதும், ஊராட்சித் தலைவர் பொன்னுரங்கம் தொட்டியடியிலேயே கிராம சபையைக் கூட்டி, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் காத்தாயியை நடுவில் நிறுத்தினார்.

“ஊருக்கே கெமிக்கலைக் கரைச்சு ஊத்துற. இனி அதைத் தொட்டா உனக்கு வேலை இல்ல.”

“அளவாத்தான் போடறேன், தலைவரே. போடாம விட்ட வருசம் ஊரே வாந்திபேதியில கெடந்துச்சு.”

“அது விதி. இது வெசம்,” என்று தலைவர் நுட்பமாகப் பிரித்துச் சொன்னார். “வெசம் இல்லேன்னா விழுங்கிக் காட்டு.” சொல்லிவிட்டு, வெற்றிலையில் புகையிலையை மடித்து வாயில் அடக்கி மென்றார்.

காத்தாயி குழாயைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீரை மடமடவெனக் குடித்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“என்னோடதை விழுங்கிட்டேன். உங்க வாயில இருக்கிறது கெமிக்கல் இல்ல, வெறும் இலைதானே? அந்தச் சாறை நீங்க விழுங்குங்க. நான் இப்பவே வேலையை விட்டுடறேன்.”

சபை முழுவதும் தலைவரின் தொண்டையைப் பார்த்தது. புகையிலைச் சாறு உள்ளே இறங்கினால் தலை சுற்றும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். வாயைத் திறந்தால் வேட்டியில் வழியும். மோவாயை வானத்துக்கு உயர்த்தி, “ம்ம்” என்றார்.

“ஆமாங்கிறாரா, இல்லைங்கிறாரா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

தலைவர் எழுந்து வேலியோரம் ஓடித் துப்பினார். அவர் திரும்புவதற்குள் காத்தாயி பவுடர் வாளியோடு ஏணியில் பாதி ஏறியிருந்தாள்.

“குழாயில வாய் கொப்புளிச்சுக்குங்க, தலைவரே,” என்றாள் மேலிருந்து. “அந்தத் தண்ணியைத் துப்ப வேண்டாம், விழுங்கலாம்.”