அஞ்சுகம் சொன்னதும் ஏட்டையா எழுதியதும்

அறுபத்து மூன்று வயதில் ஒரு மனுஷனுக்குக் கால் தரையில் பாவாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? அன்று காலை மரியசூசையைப் பார்த்திருக்க வேண்டும். மணி எட்டுகூட ஆகவில்லை. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, வக்கீல் தில்லைநாயகியின் அலுவலக வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

இருக்காதா பின்னே! வாழ்க்கையில் முதல் குறுக்கு விசாரணை ஆயிற்றே. முப்பது வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் ஏட்டாக இருந்து, வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் வாக்குமூலம் எழுதிய கை அது. ஓய்வு பெற்றபின் சட்டம் படித்து, தன் மகள் வயதுள்ள தில்லைநாயகியிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தார். குடும்பத் தகராறு, அடிதடி, விபத்து நஷ்டஈடு என்று அந்தத் தாலுகாவில் எது நடந்தாலும் அந்த அம்மாவின் வாசலுக்குத்தான் வரும்.

தில்லைநாயகி வந்து உட்காரவில்லை, இவர் ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். நம்மகிட்ட வர்ற கட்சிக்காரங்க சொல்றது நிஜமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"யாரைச் சொல்றீங்க ஏட்டையா?"

"நம்ம அஞ்சுகத்தைத்தான். நான் மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுற ஆளு. இந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் பிடிபடல."

அஞ்சுகம் வீட்டிலேயே துணி தைப்பவள். பிரிந்திருந்த கணவன் குருபாதத்தின் மேல் ஜீவனாம்ச வழக்குப் போட்டிருந்தாள். போட்ட பத்தாம் நாள், கொதிக்கக் கொதிக்கத் தேய்ப்புப் பெட்டியைத் தன் காலில் வைத்து அழுத்திவிட்டாள் என்று அவன் புகார் கொடுத்தான். காலில் காயம் இருந்தது. அவள் ஒப்புக்கொண்டதாக ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலமும் இருந்தது. அவள் உள்ளே போனால் ஆறு வயது மகள் குருபாதத்திடம் போய்விடும். ஜெயிலைக்கூடத் தாங்கிக்கொள்வாள், அந்தக் குடிகாரனிடம் பிள்ளையை விடுவதை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தில்லைநாயகி வெளியே காத்திருந்த அஞ்சுகத்தைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு நடந்ததை முதல்ல இருந்து சொல்லும்மா. ஏட்டையா, நீங்க எழுதுங்க."

எழுதுவதற்குச் சொல்லியா தர வேண்டும்! அவள் சொல்லச் சொல்லப் பேனா பறந்தது. அவள் முடிக்கும் முன்பே இவர் முடித்து, அடியில் கோடும் இழுத்துவிட்டார்.

"படிச்சுப் பாரும்மா" என்றார் தில்லைநாயகி.

அஞ்சுகம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சம்பவத்தன்று பகல் சுமார் பதினொரு மணியளவில் எனக்கும் என் கணவருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டு, ஆத்திரமடைந்த நான்..."

நிறுத்திவிட்டாள்.

"சார், நான் ஆத்திரப்பட்டேன்னு சொல்லவே இல்லையே. ஸ்டேஷன்லயும் இப்படித்தான் எழுதினாங்க."

மரியசூசைக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பழக்கம் மேடம். கை தன்னால போயிருச்சு."

"பரவாயில்ல. பேனாவை மூடி வெச்சிடுங்க. அம்மா, நீ இன்னொரு தடவை சொல்லு."

அஞ்சுகம் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் சொன்னாள். "அன்னிக்கு சனிக்கிழமை சார். காலையில ஒன்பது மணிக்கே கரன்ட் போயிருச்சு, மாசா மாசம் நிறுத்துவாங்களே, அது. புழுக்கம் தாங்கல. மிஷினைக் காலால மிதிச்சுத்தான் ஒரு பாவாடையை முடிச்சேன். பதினொரு மணிக்கு இவர் குடிச்சிட்டு வந்தார். கேஸை வாபஸ் வாங்குன்னார். மாட்டேன்னேன். வண்டிய உதைச்சுக் கிளப்பிட்டுப் போனவர் தெருமுனையில வண்டியோட சாய்ஞ்சார். நான் போய்த் தூக்கல. அது ஒண்ணுதான் சார் நான் செஞ்சது."

மரியசூசை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏம்மா! கரன்ட் இல்லைன்னா பெட்டி எப்படிம்மா சுடும்? சைலன்சர் சுட்ட காயம்மா அது! அடக் கடவுளே, இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொல்லிக்கிட்டேதான் சார் இருக்கேன். யாரும் எழுதிக்கல."

தில்லைநாயகி வழக்குக் கட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவி மேஜையில் வைத்தார். அந்தத் தெருவில் அன்று காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது என்று மின்வாரியம் கொடுத்த கடிதம். கடிதத்தில் இருந்தது போன மாதத் தேதி.

"அப்ப இந்தப் பொண்ணு சொல்றது நிஜம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"எனக்கென்ன தெரியும்? கரன்ட் இல்லைன்னு சொன்னா. போய் விசாரிச்சேன்."

"சரி, நான் இன்னிக்கும் காதுல வாங்காம இருந்திருந்தா?"

"நானே எழுந்து குறுக்கு விசாரணை பண்ணியிருப்பேன். நீங்க என் பின்னால உட்கார்ந்திருப்பீங்க."

கோர்ட்டில் அன்று கூட்டம். ஏட்டையா வக்கீலாக நிற்பதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். நாற்பத்திரண்டு கேள்விகள் எழுதி வைத்திருந்த மனுஷன், அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் தள்ளிவிட்டார். எழுந்து நின்றார். குரலைக் குழைத்துக் கேட்டார்.

"பெட்டி கரிப்பெட்டிங்களா, கரன்ட் பெட்டிங்களா?"

"கரன்ட் பெட்டிதான்" என்றான் கூண்டில் நின்ற குருபாதம்.

"நல்லாப் பார்த்தீங்களா?"

"சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சே!"

"மணி எத்தனைங்க இருக்கும்?"

"பதினொண்ணு. சத்தியமாச் சொல்றேன்."

மரியசூசை கடிதத்தை நீட்டினார். மாஜிஸ்திரேட் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு குருபாதத்தை நிமிர்ந்து பார்த்தார். அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட, கோர்ட்டு டவாலிச் சேவகர் அதட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. விடுதலை! அஞ்சுகம் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மகளை ஸ்கூலிலிருந்து தானே கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். மரியசூசைக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. அலுவலகம் வரும்வரை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சிவப்பு லைட்டுக் கதையை நடித்தே காட்டிவிட்டார். உள்ளே வந்தும் தில்லைநாயகியிடம் நாலாவது முறையாக ஆரம்பித்தார்.

பாதியில் நின்றுவிட்டார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"முப்பது வருஷம். ஒரு நாளைக்கு ரெண்டு பேர்னு வெச்சாக்கூட எத்தனை பேருக்கு நான் எழுதியிருப்பேன்! அதுல எத்தனை பேரு உள்ள போயிருப்பாங்க! அவங்க என்னதான் சொன்னாங்களோ, ஒண்ணுகூட ஞாபகம் வரலியே மேடம்."

தில்லைநாயகி வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"இனிமே வராது ஏட்டையா. வெளியில ஒரு லாரி டிரைவர் ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கார். போய் அவர் என்ன சொல்றார்னு கேளுங்க."