உப்பு கரைந்தது, வழக்கு முளைத்தது

உப்பு வாணிகன் சடையனுக்கு அந்த வருஷம் சனி உச்சியில் உட்கார்ந்திருந்தான். பெரும் பணக்காரன் அளகேசனிடம் கடன் வாங்கி, வண்டி வண்டியாய் உப்பு ஏற்றி, மலைநாட்டுச் சந்தைக்குப் புறப்பட்டான். பாதி வழியில் காலம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. உப்பு விற்கப் போனால் மழை வரும் என்பார்கள். இவனுக்குக் கொட்டியே தீர்த்தது. வெறும் சாக்கோடு ஊர் திரும்பினான்.

"மாசிக்குள் தருகிறேன் என்றாயே?" என்றான் அளகேசன்.

"அடுத்த உப்பு விளைச்சல் வரைக்கும் பொறுங்கள் ஐயா. வட்டியும் முதலுமாய்த் தந்துவிடுகிறேன்."

பொறுப்பதற்கா அளகேசன் கொடுத்தான்? அவனுக்குச் சடையனின் உப்பளத்தின்மேல் ஒரு கண். கடன் பாக்கி என்று மன்னர் சபைக்குப் போனால் தவணை கொடுத்துவிடுவார்கள். மோசடி என்று போனால் ஆள் சிறைக்கு, அளம் ஏலத்துக்கு. ஏலம் எடுக்க ஊரில் அவனை விட்டால் யார்?

மறுநாள் கஞ்சிக் கலயத்தை வாயில் வைத்த சடையனைக் காவலர்கள் அப்படியே இழுத்துப் போனார்கள்.

"கடன்காரன் என்றால் தலை குனிவேன். மோசக்காரன் என்கிறார்களே!" என்று வழியெல்லாம் புலம்பினான். சிறையைவிட அந்தச் சொல்தான் அவனைச் சுட்டது.

சபையில் அளகேசன் கண்ணீர் விட்டான். பழக்கம் இல்லாததால் கொஞ்சம் சிரமப்பட்டே விட்டான்.

"அரசே, ஏமாற்றிவிட்டான்! வாங்கும்போதே இவனுக்குத் திருப்பித் தரும் எண்ணம் இல்லை!"

மன்னருக்கு முகம் சிவந்தது. தண்டனை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அரண்மனை விகடர் மருதவாணர் மெல்லக் கனைத்தார்.

"வாங்கும்போதே எண்ணம் இல்லையா? உமக்கு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியாதா? வாசல்படி ஏறும்போதே, தருவானா மாட்டானா என்று சொல்லிவிடுவேன்!"

"அன்றைக்கும் சடையன் முகத்தைப் பார்த்தீரா?"

"நன்றாகப் பார்த்தேன். முழுக் கள்ளம்!"

"அடடா!" மருதவாணர் கைகூப்பினார். "அரசே, இப்படி ஒரு வள்ளல் உண்டா? திரும்பி வராது என்று தெரிந்தே அள்ளிக் கொடுத்திருக்கிறார். தெரிந்து கொடுத்தவரை யார் ஏமாற்ற முடியும்? இது கடனே இல்லை, தானம். சடையா, வீட்டுக்குப் போ. தானத்தைத் திருப்பிக் கொடுத்தால் பாவம்!"

சபை கொல்லென்று சிரித்தது. அளகேசனுக்கு வியர்த்து ஊற்றியது.

"ஐயையோ, தானம் இல்லை! தருவான் என்று நம்பித்தான் கொடுத்தேன்! நல்ல முகம்தான் அரசே! கடன்தான், வெறும் கடன்தான்!"

"அப்படியானால் மோசடி எங்கே? ஊரறிய உப்பைக் கரைத்தது மழை. வழக்குப் போடுவதென்றால் மேகத்தின்மேல் போடும்."

சடையனுக்கு அடுத்த விளைச்சல்வரை தவணை கிடைத்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக அளகேசன்முன் போய் நின்றான். "நிச்சயம் தருவேன் ஐயா," என்றான். அளகேசன் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மருதவாணரே, உமக்கொரு பட்டுச் சால்வை! இப்போது கஜானா கொஞ்சம் காலி. தை பிறக்கட்டும், தருகிறேன்."

மருதவாணர் ஓலை எழுதுபவர் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கொள்ளும் ஐயா: இதைச் சொல்லும்போது மன்னருக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தது. போன தையில் சொன்ன கடுக்கனுக்கும் சேர்த்தே எழுதும்."