வலது செருப்பின் மோட்சம்

ஒரு பெருமாள் கோயில் மதிலோரம் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கடவுளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தாமோதரன் என்பவருடைய செருப்பு அது. நீல வார். குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. எப்படியும் அடுத்த மாதம் தாண்டாது. சண்டைக்கு அதுதான் காரணம்.

வலது பக்திமான். இடது, சொல்லவே வேண்டாம், நாத்திகம்.

"நாம அறுந்தா எங்க போவோம்?" என்றது வலது.

"குப்பைமேட்டுக்கு. வேற எங்க?"

"இல்ல. உள்ள போறவங்க எல்லாரும் 'திருவடி சரணம்'னுதான் சொல்றாங்க. மூஞ்சியைப் பத்தி யாராவது பேசறாங்களா? அப்ப கடவுள்ங்கிறது ஒரு பெரிய பாதம். பாதம்னா செருப்பு வேணுமில்ல?"

"அவ்வளவு பெரிய பாதத்துக்கு உன் சைஸ் எப்படிடா பத்தும்?"

பக்கத்திலிருந்த ஷூ தொண்டையைக் கனைத்தது. "நாமெல்லாம் வெறும் உடல். ஆன்மா உள்ளே இருக்கிறது" என்று தன் வயிற்றில் திணித்திருந்த சாக்ஸைக் காட்டியது. நாலு நாளாகத் துவைக்காத ஆன்மா. சுற்றியிருந்த செருப்புகள் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

அப்போது ஒரு ஹீல்ஸ் செருப்பு சொன்னது: "என்னைப் போட்டிருந்த அம்மா பேசிக்கிட்டே வந்தாங்க. உள்ள சடாரின்னு ஒண்ணு இருக்காம். கிரீடம் மாதிரி, மேல பெருமாளோட பாதுகை. அதை அர்ச்சகர் ஒவ்வொருத்தர் தலையிலயும் வைப்பாராம். எல்லாரும் குனிஞ்சு வாங்கிக்கிறாங்களாம்."

"பாதுகைன்னா?"

"நம்மாளுதான். செருப்பு."

வலதுக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிற்று. "செருப்பு, மனுஷன் தலை மேலயா! அதுதான் மோட்சம். பெருமாளே, சாகறதுக்குள்ள எனக்கும் ஒரே ஒரு தடவை!"

சில வேண்டுதல் உடனே பலித்துத் தொலைக்கும். பஸ்ஸைப் பிடிக்கக் கோயிலுக்குள்ளிருந்து ஓடிவந்த கலியமூர்த்தி என்பவர் நீல வாரைப் பார்த்ததும் தன்னுடையது என்று காலை நுழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பத்தடி போவதற்குள் தாமோதரன் வெளியே வந்தார். காதில் துளசி. தலையில் சடாரி பட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"யோவ், நில்லுய்யா! கோயிலுக்கு வந்து செருப்பா திருடறே?"

"வார்த்தையை அளந்து பேசுங்க. இது என் செருப்பு. நல்லா பாருங்க!" கலியமூர்த்தி வலதைக் கழற்றி நீட்டினார்.

தாமோதரன் அதைப் பிடுங்கி, அவர் தலைக்கு நேரே ஓங்கிவிட்டார். கூட்டம் கூடிவிட்டது.

வலது மதிலுக்கு மேலே போயிருந்தது. கீழேயிருந்து இடது கத்தியது: "டேய், உன் மோட்சம் வந்துடுச்சு! அங்கேருந்து உள்ள தெரியுதா? பார்த்துச் சொல்லு!" நாத்திகம்தான், ஆனாலும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

கலியமூர்த்தி கழுத்தைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். குனிந்த கண்ணில் மதிலோரம் இன்னொரு நீல வார் பட்டது.

"அண்ணே, அண்ணே! என்னுது அதோ கிடக்குது. ரெண்டும் ஒரே நீலம். மன்னிச்சுக்குங்கண்ணே!"

தாமோதரனின் கை இறங்கியது. "சரி, சரி. கோபத்துல நானும் கையை ஓங்கிட்டேன். பஸ்ஸு போயிடப்போவுது, ஓடுங்க" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இடதுக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லுடா. அவ்வளவு உசரம் போனியே. உள்ள இருந்தது பாதமா, முகமா?"

"பார்க்கலை."

"பார்க்கலையா? ஜென்மத்துக்கு ஒரு சான்ஸ் கிடைச்சுதேடா!"

"அந்த ஆளு தலையையே பார்த்துக்கிட்டிருந்தேன். உச்சியில ஒரு முடி இல்ல. பட்டா எப்படி வலிக்கும்னு பயமாயிருந்துச்சு."

"அப்ப உனக்குள்ள யாரோ இருக்காங்கதான் போல" என்றது இடது.