குளிரை எடைபோட்ட தராசு

முன்னொரு காலத்தில், மழையையே வானம் வெள்ளையாக உதிர்க்கும் உயரத்தில் ஒரு மலைநாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஐப்பசி முடிவில் சபை கூடும். வரப்போகும் பனிக்காலம் கடுமையா, மென்மையா என்று அரண்மனைச் சோதிடர் சிதம்பரநாதர் கணித்துச் சொல்வார். கடுமை என்றால் கம்பளி அறை திறக்கும். வெளிவேலை செய்பவர்களுக்கு ஆளுக்கொரு கம்பளி கிடைக்கும். மென்மை என்றால் பூட்டு பூட்டியபடியே இருக்கும். தை பிறந்ததும், மிஞ்சிய கம்பளிகளைச் சபையோர் பங்கிட்டுக்கொள்வார்கள்.

அந்த வருடம் சோதிடர் எழுந்து, "மென்மை, மன்னா! மல்லிகைப்பூவைக் கன்னத்தில் ஒற்றியது போல இருக்கும்" என்றார். சபை தலையாட்டியது.

மன்னர், சபை விகடன் ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்கிறாய்?"

ஆண்டியப்பனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? சிரிக்க வைக்கத்தான் தெரியும்.

"குளிர் அதிகமானால் லாபம்தான், அரசே. வாசல் காவலரின் பல் தாளம் போடும், கால் தானாக ஆடும். கூலி கேட்காத கச்சேரி!"

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு ஓயும்போது அவன் கண் வாசலுக்குப் போனது. முற்றம் பெருக்கும் பூவாயி, தோளில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கணவன் மாடசாமி வாசல் காவலன். போன வருடமும் மென்மை என்றுதான் சொன்னார்கள். அந்தப் பனியில் அவன் கால்விரல்கள் கறுத்து உதிர்ந்தன. இப்போதும் அதே வாசலில்தான் நிற்கிறான். பூவாயி சிரிக்கவில்லை. வெடித்த கைகளைத் துடைப்பத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஆண்டியப்பனின் முதுகில் சிவப்புக் கரைக் கம்பளி. போன தையில் பங்காகக் கிடைத்தது. அது திடீரென்று நெருப்பாகச் சுட்டது. கழற்றவும் கூச்சம், போட்டிருக்கவும் கூச்சம்.

சோதிடருக்கோ, சிரிப்பெல்லாம் விகடனுக்கே போய்விட்டதே என்று வயிற்றெரிச்சல். "இவருக்கு வேடிக்கைதான் வரும், மன்னா, விடை வராது. குளிர் எவ்வளவு என்று இவரும்தான் அளந்து காட்டட்டுமே!"

மன்னருக்கு அது பிடித்துவிட்டது. "ஆண்டியப்பா, பொழுது சாய்வதற்குள் வரப்போகும் குளிரை எடைபோட்டுக் கொண்டுவா. இல்லையேல் உன்னை மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுவேன்."

வேறொரு நாளாக இருந்தால் கழுதையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பான். அன்றோ, "உத்தரவு, அரசே. ஒரு தராசும் இரண்டு ஆட்களும் வேண்டும்" என்று மட்டும் கேட்டான்.

நேராகச் சோதிடர் வீட்டுக்குப் போனான். சோதிடரின் மனைவி உண்ணாமுலை கதவைத் திறந்தாள்.

"அம்மா, இந்த வருடம் குளிரே இராது என்று ஐயா சபையில் சொல்லிவிட்டார். ஆகையால் உங்களுக்குத் தேவைப்படாத கம்பளிகளை அரண்மனைக்கு எடுத்துப்போகிறோம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆட்கள் மூட்டை கட்டிவிட்டார்கள்.

மாலையில் சபை நடுவே தராசு தொங்கியது. ஒரு தட்டு கம்பளிக் குவியலோடு தரையில் உட்கார்ந்துவிட்டது. மறு தட்டு காலியாக மேலே ஆடியது.

"இது என்ன?" என்றார் மன்னர்.

"வரப்போகும் குளிர், அரசே. குளிரைக் கையால் பிடிக்க முடியாது. அதற்குப் பயந்து ஒருவர் வீட்டில் எவ்வளவு சேர்த்து வைக்கிறாரோ, அதுதான் அதன் எடை. கணித்தவர் வீட்டிலிருந்தே எடுத்துவந்தேன்."

"அந்தக் காலித் தட்டு?"

"அது அவர் சபையில் சொன்ன குளிர்."

சோதிடர் துள்ளி எழுந்தார். "அவை பழையவை, மன்னா! எங்கோ மூலையில் மறந்து கிடந்தவை!"

"பழசா?" வாசலிலிருந்து ஒரு குரல். உண்ணாமுலை மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "வாய் கூசாம சொல்றீங்களே! இந்த வருஷம் எலும்பு வரைக்கும் உறையும், சீக்கிரம் வாங்கிப் போடுன்னு நச்சரிச்சது யாரு? விறகு கூரை முட்ட அடுக்கியிருக்கு. ராஜா, எங்க கம்பளியைக் குடுக்கச் சொல்லுங்க, பிள்ளைங்க விறைச்சுப் போகும்!"

சோதிடர் தரையைப் பார்த்தார். சபையோர் ஒவ்வொருவராகத் தங்கள் சிவப்புக் கரைக் கம்பளியை முதுகுக்குப் பின்னால் சுருட்டினார்கள்.

ஆண்டியப்பன் தன்னுடையதைக் கழற்றித் தட்டில் வைத்தான். "இதையும் சேருங்கள், அரசே. மாடசாமிக்குப் போயிருக்க வேண்டியது. இதைப் போர்த்திக்கொண்டுதான் காலையில் அவன் காலைச் சொல்லிச் சிரித்தேன்."

மன்னரின் கண் அந்தச் சிவப்புக் கரையில் நின்றது. காலையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான். பிறகு சோதிடரின் முகத்தைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"சிதம்பரநாதரே, உம் கணிப்பில் இம்மியும் பிசகில்லை. சொன்ன இடம்தான் தவறு!"

கம்பளி அறை அன்றே திறந்தது. வெறும் தோளோடு வாசலில் நின்று சோதிடரே எல்லோருக்கும் கம்பளி வழங்கினார். தைப் பங்கீடு அத்தோடு ஒழிந்தது. ஆண்டியப்பனுக்கு மன்னர் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

மார்கழியில் பனி கோட்டைச் சுவரில் பாதியை விழுங்கியது. பட்டுச் சால்வையோடு தலையைக் குனிந்தபடி வாசலைக் கடந்த ஆண்டியப்பனைப் பூவாயி மறித்தாள். அவள் தோளில் புதுக் கம்பளி. பக்கத்தில் மாடசாமி.

"என்ன சாமி, பாக்காமயே போறீங்க? அந்தக் கச்சேரி வேடிக்கையை இன்னொரு தரம் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரும் கேக்கட்டும்."

ஆண்டியப்பன் வாயைத் திறந்தான். பட்டு எந்தக் குளிரைத் தாங்கும்? பல்தான் கடகடவென்று அடித்தது.

பூவாயி அவனை உற்றுப் பார்த்தாள். முதல்முறையாகச் சிரித்தாள்.

"தாளம் நல்லாத்தான் இருக்கு, சாமி."