ஆசந்தியின் முன்கொம்பு

பெரிய வியாழனன்று சாயங்காலம் கஸ்பார் மோத்தா கன்னியர் மடத்துக்குப் போனார். மனைவி காலமான பிறகு ஜெபம் சொல்ல வாய் வராமல் தவித்த மனிதர் அவர். அறுபதைத் தாண்டியவருக்கு நாற்பது வயது ரீத்தம்மா ஜெபிக்கக் கற்றுக்கொடுத்துவந்தார். மடத்தை ஒட்டியிருந்த முதியோர் இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் கன்னியாஸ்திரி. கற்றுக்கொடுப்பது என்றால் அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லும் வழக்கமும் அவரிடம் கிடையாது.

கஸ்பாருக்கு விசைப்படகுகள் உண்டு, கடலைப் பார்த்த மாடி வீடு உண்டு. ஆனால் அவரை ஊருக்குள் நிமிர்ந்து நடக்கவைத்தது முன்கொம்புதான். பெரிய வெள்ளிக்கிழமையன்று, சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் சுரூபத்தை ஆசந்தி என்கிற அலங்காரப் பாடையில் கிடத்தித் தெருத்தெருவாகத் தூக்கிவருவார்கள். அதைத் தூக்கும் கொம்புகளில் வலது முன்கொம்பு மோத்தா குடும்பத்தின் தோளுக்கு. பாட்டனார் சுமந்தார், அப்பா சுமந்தார், இப்போது கஸ்பார். படகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இதை வாங்க முடியாது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

ரீத்தம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "கேளுங்கய்யா."

"முன்கொம்பத் தோள்ல வச்சதும் எனக்குப் பெருமை தாங்க முடியல. ஆண்டவர் செத்துக் கெடக்கார், நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கேன். இது பாவமா?"

"நடக்கையில அவரு முகம் உங்களுக்குத் தெரியுமா?"

கஸ்பார் யோசித்துப் பார்த்தார். முன்னால் தூக்குகிறவருக்கு முதுகுப் பக்கம் அல்லவா சுரூபம் இருக்கிறது. "தெரியாதும்மா. பவனியில ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

"சரி," என்று சொல்லிவிட்டு ரீத்தம்மா கீரையைக் கழுவப் போய்விட்டார். கஸ்பார் வீட்டுக்குத் திரும்பினார்.

அந்த வருஷம் அவருக்குப் பெருமையோடு பயமும் இருந்தது. பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணிகள் வாயை மூடிக்கொள்ளும். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆசந்தி கிளம்பும் முன் மூன்று தடவை கட்டை ஒலிக்கும். மூன்றாவது கட்டைக்குள் உரிமைக்காரர் கொம்பருகில் நிற்காவிட்டால் உரிமை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும், திரும்ப வராது. மூத்தவர் ஊரில் இருக்கும்போது மகன் கை வைக்கவும் கூடாது. அடுத்த குடும்பம் ஜெரோன் ரொட்ரிகோவுடையது. ஐஸ் கம்பெனி வைத்துப் பணம் பார்த்தவர். அந்தக் கொம்பின் மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். கஸ்பாருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாக வந்து நலம் விசாரிப்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதியோர் இல்லத்தில் சலேத்தம்மா செத்துப்போனாள். எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. மீன்கூடை சுமந்து வயிறு கழுவியவள். வாயைத் திறந்தால் கடற்கரையே காதைப் பொத்திக்கொள்ளும். கஸ்பாரையும் ஏலக்கூடத்தில் நாலு பேர் முன்னால் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். கூடை நாற்றத்தோடு பூசைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவளை ஒருமுறை கோயில் கமிட்டிக்காரர்கள் பின்னால் போகச் சொன்னார்கள். அவள் அசையவில்லை. "எங்கப்பன் வீட்டுல உக்கார நான் எவன்கிட்டல கேக்கணும்?" என்றாள். அந்தக் கமிட்டியில் கஸ்பாரும் இருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் கஸ்பார் குளித்து, மோதிரங்களைக் கழற்றி வைத்து, வெள்ளை வேட்டியோடு வெறும் மார்பாக வாசலுக்கு வந்தார். மகன் மெல்கியோர் கொம்புக்குக் காவலாக முன்னமே கோயிலுக்குப் போயிருந்தான். வாசலில் ரீத்தம்மா நின்றுகொண்டிருந்தார். நடந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது.

"சலேத்தம்மாவ அடக்கம் பண்ணணும்யா. தூக்க மூணு பேருதான் இருக்கோம்."

இல்லத்துச் சமையற்காரர், குழி வெட்டுகிறவர், ரீத்தம்மா. மற்ற ஆம்பளைகள் எல்லாம் கோயிலில் இருந்தார்கள். வேறு யாரும் வரமாட்டேன் என்கிறார்களா என்று கஸ்பார் கேட்டார். எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது என்றார் அவர். ஆசந்தி திரும்பின பிறகு வைத்துக்கொண்டால் என்ன என்று கஸ்பார் கேட்டார். அது திரும்ப ராத்திரி ஆகும், விளக்கு வைத்தபின் அந்த ஊரில் அடக்கம் கிடையாது, நீர் கோத்த உடம்பு விடியும்வரை தாங்காது. அத்தனையும் கஸ்பாருக்கே தெரியும். தெரிந்தும் கேட்டார்.

கோயில் பக்கமிருந்து முதல் கட்டை கேட்டது.

ரீத்தம்மா திரும்பி நடந்தார். கஸ்பார் நின்ற இடத்திலேயே நின்றார். இடப்பக்கம் போனால் கோயில், வலப்பக்கம் முதியோர் இல்லம். பாட்டனார் முகம் வந்தது, அப்பா முகம் வந்தது. இரண்டு பேரும் கோயிலைத்தான் காட்டினார்கள். நாளைக்கு ஜெரோன் வீட்டில் வெடி போடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கிழவியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கப்பன் வீடு. படகில்லை, மாடியில்லை, கட்டிக்கொள்ள நல்ல சேலைகூட இல்லை. ஆனாலும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்படி ஒருநாளும் தான் உட்கார்ந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

இரண்டாம் கட்டை கேட்டபோது கஸ்பார் வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

இல்லத்துக் கிழவர் ஒருவர் சிலுவையைப் பிடித்து முன்னால் போனார். கஸ்பார் பழக்கத்தில் வலது முன்பக்கமே போய்த் தோள் கொடுத்தார். அவருக்குப் பின்னால் ரீத்தம்மாவின் தோள். மணியில்லை, பாட்டில்லை, பூவில்லை. பெட்டி ஆசந்தியைவிடக் கனமாக இருந்தது. கடற்கரை மணலில் கால் புதைந்தது. ஒருமுறை பெட்டியை மணலில் இறக்கி வைத்து மறுபடி தோளுக்கு ஏற்றினார்கள். பாதி வழியில் மூன்றாம் கட்டை கேட்டது. கஸ்பாரின் கால் கொஞ்சம் தயங்கியது. கால் மறுபடி நடந்தது.

குழியருகே பெட்டியை இறக்கி ரீத்தம்மா மூடியைத் திறந்தார்.

"முகத்தப் பாத்துக்கங்கய்யா."

கஸ்பார் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அவரே முதல் பிடி மண்ணைப் போட்டார்.

திரும்பி வரும்போது தெருமுனையில் பவனி எதிர்ப்பட்டது. ஊரே பின்னால் வந்தது. வலது முன்கொம்பில் ஜெரோன் ரொட்ரிகோ. கஸ்பார் தோளில் ஒட்டிய மணலோடு தெரு ஓரத்தில் மற்றவர்களோடு முழங்காலிட்டார். அழுகை வரும் என்று நினைத்தார், வெட்கம் வரும் என்று நினைத்தார். இரண்டும் வரவில்லை. ஆசந்தி அவருக்கு நேரே வந்தபோது ஆண்டவரின் முகத்தைப் பார்த்தார். நெஞ்சு தானாக நிமிர்ந்தது. இத்தனை வருஷமும் கொம்பைச் சுமந்தபோது வந்த பெருமை இதற்குக் கால் தூசி பெறாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெல்கியோர் ஓடிவந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவரை விட்டுவிட்டு ரீத்தம்மாவின் மேல் பாய்ந்தான்.

"நாதியத்த ஒருத்திக்காவ எங்க முன்கொம்ப விட வச்சிட்டீங்களே! ஆண்டவரத் தூக்குற பாக்கியம் எங்க குடும்பத்த விட்டுப் போயிட்டு."

கஸ்பார் எழுந்து அவனை அடக்கப் போனார். ரீத்தம்மா கையமர்த்தினார். கடந்துபோகும் ஆசந்தியை ஒருமுறை கும்பிட்டுக்கொண்டார். பிறகு கஸ்பாரின் தோளில் இருந்த மணலைக் காட்டினார்.

"உங்கப்பா முன்கொம்ப விடல தம்பி. தூக்கிட்டுப் போயி, அடக்கமும் பண்ணிட்டுத் திரும்பிட்டாரு. ஊருதான் பிந்தி வருது."