சோலார் பலகையும் அறுபதடி ராஜாவும்

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத நாடு அது. புத்திக்குத்தான் பஞ்சம். வருஷத்தில் பத்து மாதம் மண்டையைப் பிளக்கும் வெயில். அதை வைத்து அந்த நாட்டார் செய்தது ஒன்றே ஒன்று. வடகம் காயவைத்தார்கள்.

ராஜா பெயர் பரிதிமுடியன். தான் சூரிய வம்சம் என்று கல்லில் வெட்டிவைத்தவர். அவர் அரண்மனை விளக்கு எரிந்ததோ பக்கத்து நாட்டு மின்சாரத்தில். அதைப் பற்றிக் கல்லில் எதுவும் இல்லை.

அந்த நாட்டில் கள்ளிப்பாறை என்று ஓர் ஊர். குடிக்கிற தண்ணீர் முந்நூறு அடி ஆழத்தில். டீசல் ஊற்றினால்தான் மோட்டார் ஓடும். டீசல் விற்றவன் மந்திரி சிங்கராயரின் மைத்துனன். அவன் கடை திறந்தால் ஊருக்குத் தண்ணீர். அவன் கல்யாணத்துக்குப் போய்விட்டால் நாக்கு வறண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆவுடையப்பன் என்று ஒரு மின்பொறியாளர். அவர் ராஜாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, கிணற்றடியில் நாற்பது சோலார் பலகை நட்டார். மோட்டார் ஓடியது. தண்ணீர் கொட்டியது. அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா? திறப்பு விழா வேண்டாமா?

திறப்பு விழா என்றால் கட்அவுட் வைக்க வேண்டும். அது அங்கே வழக்கம். கழிப்பறை திறந்தாலும் வைப்பார்கள். மந்திரி, ராஜா குதிரைமேல் நிற்கிற மாதிரி அறுபதடியில் ஒன்று செய்வித்தார். குதிரைமேல் யாராவது நிற்பார்களா என்று அங்கே ஒருவனும் கேட்கவில்லை. சாலை தெற்கே இருந்தது. ஆகவே கட்அவுட்டும் தெற்கே, பலகைகளுக்கு நேர் முன்னால். தை மாதம். சூரியனும் தெற்கே சாய்ந்திருக்கிற காலம். ராஜாவின் நிழல், குதிரையோடு சேர்ந்து, பலகைகள் மேல் விழுந்தது. அவை ஒன்றோடொன்று கோத்தவை. கொஞ்சம் நிழல் பட்டாலும் மொத்தமும் சோர்ந்துவிடும். மோட்டார் இருமியது. நின்றது.

கட்அவுட்டைத் தள்ளி வையுங்கள் என்று ஆவுடையப்பன் மந்திரியிடம் போய்ச் சொன்னார். மந்திரி அதை வைத்தது பழக்கத்தால். இப்போது அதில் மைத்துனனின் டீசல் லாபம் தெரிந்தது. உடனே ஒரு சட்டம் போட்டார். ராஜாவின் உருவம் ராஜாவேதான்; பெயர்த்தால் கை போகும். பிறகு ராஜாவிடம் ஓடி, உங்கள் நிழல் ஊருக்கு ஆகாது என்கிறான் ஆவுடையப்பன் என்று ஓதிவிட்டார்.

ராஜா கொதித்தார். நாளை உச்சி வெயிலுக்குள் தண்ணீர் வர வேண்டும், இல்லாவிட்டால் பலகைகள் பழைய இரும்புக் கடைக்கு, ஆவுடையப்பன் பன்னிரண்டு வருஷம் சுண்ணாம்புக் காளவாய்க்கு என்றார். கட்அவுட் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றும் சொன்னார்.

மறுநாள் ராஜாவே வந்தார். பந்தலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சபையில் இடும்பன் என்று ஒருவர். வாய் நீளம், பதவி குட்டை. அவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"ஏன் நிற்கிறாய்?" என்றார் ராஜா.

"அரசர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது?"

"நான் உட்கார்ந்துதானே இருக்கிறேன்."

"இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் அரசே. அங்கே நிற்கிறீர்கள்."

மந்திரி குறுக்கே விழுந்தார். "உளறாதே இடும்பா. அது வெறும்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லும் மந்திரியாரே. அது வெறும் மரப்பலகையா, அரசரா? மரப்பலகை என்றால் இப்போதே பெயர்த்துவிடலாம்."

சட்டம் மந்திரியே போட்டது. "அரசர்தான்" என்றார்.

"எத்தனை நாளாக நிற்கிறார்?"

"பன்னிரண்டு நாள்."

"சாப்பாடு?"

குடை பிடித்தீரா, ஒரு வாய் தண்ணீர் கொடுத்தீரா, இந்தப் பன்னிரண்டு ராத்திரியும் நீர் எங்கே படுத்தீர் என்று இடும்பன் அடுக்கினார். வீட்டில்தான் என்று முனகினார் மந்திரி.

"அதாவது அரசரை வெயிலில் நிறுத்திவிட்டு நீர் மெத்தையில்."

ராஜா சிரித்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. அவருக்குத் தன்மேல் இரக்கம் பொங்கிவிட்டது. கண் கலங்கியது. முழங்காலைத் தடவிக்கொண்டார். "பாவி, பன்னிரண்டு நாளா?" என்று மந்திரியைப் பார்த்தார்.

மந்திரி இடும்பன் காலில் விழாத குறை. என்ன செய்யட்டும் என்றார். படுக்க வையும் என்றார் இடும்பன். பெயர்த்தால் கை போகுமே என்றார் மந்திரி. களைத்த அரசரைக் கைத்தாங்கலாகப் படுக்க வைப்பது பணிவிடை, அதற்கு எந்தச் சட்டம் தடை என்றார் இடும்பன்.

கயிற்றைத் தளர்த்தினார்கள். முப்பது பேர் சேர்ந்து ராஜாவைத் திருப்பிச் சாலைப் பக்கமாக மெல்ல மல்லாத்தினார்கள், குதிரையோடு. தலைக்கு இரண்டு வைக்கோல் கட்டு. மந்திரி தன் பட்டு அங்கவஸ்திரத்தைப் போர்த்தினார். அது மூக்குக்குத்தான் போதுமாக இருந்தது.

பலகைகள் மேல் வெயில் விழுந்தது. மோட்டார் ஒரு முறை முக்கியது. பிறகு குழாயில் கை கனத்துக்குத் தண்ணீர். கள்ளிப்பாறைப் பெண்கள் ராஜாவை மறந்து குடத்தோடு முண்டினார்கள். ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜாவுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. ஆவுடையப்பனை விட்டுவிடச் சொன்னார். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். இனித் தினமும் சூரியன் எழுந்ததும் தன்னைப் படுக்க வைக்க வேண்டும், அது இறங்கியபின் நிமிர்த்த வேண்டும், பகல் முழுக்க மந்திரி பக்கத்தில் நின்று விசிற வேண்டும் என்று உத்தரவு போட்டார். மந்திரி அப்போதே விசிற ஆரம்பித்தார்.

போகிற வழியில் ராஜா இடும்பனை அருகே அழைத்தார். முகம் கொள்ளாத பெருமை. "பார்த்தாயா? நான் படுத்ததும் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குள் இவ்வளவு சக்தியா?"

"எப்போதும் இருந்ததுதான் அரசே" என்றார் இடும்பன். "தாங்கள் எழுந்து நின்றதுதான் கோளாறு."