சடையன் விட்டுப்போன காலி வீடு

அந்தக் காலத்தில் எலக்ட்ரான்களுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. செம்பு கலந்த ஒரு படிகத்துக்குள் அவர்களுக்கு ஒற்றைத் தெரு, வீட்டுக்கு ஒருவர்தான். ஒருவர் மேலே பார்த்தால் அடுத்தவர் கீழே பார்க்க வேண்டும், அப்போதுதான் அக்கம்பக்கம் ஒத்துப்போகும். ஒருவரைத் தாண்டி இன்னொருவர் போக வழியே கிடையாது.

பொன்னாத்தா மேலே பார்ப்பவள். வலப்பக்கத்து வீட்டில் அவள் புருஷன் சடையன், கீழே பார்ப்பவன். ஒரு நாள் வெளியிலிருந்து வெளிச்சம் பாய்ந்து சடையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. கூப்பிடக்கூட நேரமில்லை.

"அவரு இருந்த வீடு சும்மாவே கெடக்கட்டும். ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது," என்றாள் பொன்னாத்தா. அவளுக்கு மிச்சமென்று இருந்தது அந்தக் காலியிடம் ஒன்றுதான்.

அதற்கு அந்தப் பக்கம் குருவம்மா. அவளும் மேலே பார்ப்பவள். "ஏனக்கா, தனியாக் கெடந்து சாகோணுமா? நான் வந்து கூட உக்காரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொன்னாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எவ்வளவு நேரம்தான் முடியும்? ஒரே ஒரு கணம் மனசு விட்டுப்போய், "சித்த நேரம் வந்துட்டுப் போ, கண்ணு," என்று சொல்லிவிட்டாள்.

குருவம்மா தாவி வந்தாள். அவள் விட்ட வீட்டுக்குள் அடுத்தவன் புகுந்தான், அவன் வீட்டுக்குள் அதற்கடுத்தவள். காலியிடம் வீடு வீடாக விலகி ஓடியது.

"ஐயோ, திரும்பிப் போயிரு!"

"எங்கக்கா போறது? எடமில்லையே!" குருவம்மாவும் அழுதாள்.

பட்ட காலிலேயே படும். மேலே பார்க்கும் இருவர் அருகருகே வந்துவிட்டார்கள். அந்தப் பிணக்கு பொன்னாத்தாவை அறுத்தது. சடையனால் வந்த வலி, இதாவது இருக்கட்டும் என்று பொறுத்தாள். இடப்பக்கத்து நல்லானுக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நீ கீழ பாரு அம்மிணி, நான் மேல பாத்துக்கறேன்," என்று அவளோடு முகம் மாற்றிக்கொண்டான். பிணக்கு நல்லானுக்கும் அவனுக்கு அப்பால் மேலே பார்த்திருந்தவனுக்கும் இடையே போய், அங்கிருந்தும் நகர்ந்து, இடப்பக்கமாகவே போய்விட்டது.

பொன்னாத்தா சடையனைப் போலக் கீழே பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழப் பார்த்தாள். பிணக்கோடு வலியும் போய்விட்டிருந்தது, அழுகை வரவில்லை.

அன்று முதல்தான், ஒற்றை வரிசையில் ஓர் எலக்ட்ரான் காணாமல் போனால் காலியிடம் ஒரு பக்கமும் பிணக்கு மறுபக்கமுமாகப் பிரிந்து போகின்றன. கணினிக்குள் அப்படியொரு தெருவைக் கட்டி, ஒருவரை எடுத்துவிட்டுப் பார்க்கிறவர்களும் இதைத்தான் காண்கிறார்கள். போனவர் இருந்த வீட்டில், ஒன்றும் நடக்காதது போல, வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.